கழுவாத சுவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சின்ன வயதில் நம் சமையலறைச் சுவரைக் காட்டி, "அக்கா, இந்த விரிசல் எவ்வளவு நீளம்?" என்று கேட்டாய். நூல் வைத்து அளந்தோம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிளைக்குக் கிளை முளைத்திருந்தது, நூல் போதவில்லை. இன்று பாறை விரிசலை அளப்பதுதான் உனக்குச் சோறு போடுகிறது.

உன் மருமகன், அதாவது நீ பேர் வைத்த ஒட்டடைக்குச்சி, சுரங்கப்பாதையில் துளை போடும் வேலையைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறான். நீ வாங்கிக் கொடுத்த வேலையாயிற்றே. நேற்று போனில், "வெடி வெச்சதும் சுவரெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கும்மா. மாமா அப்படியே போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பலகைக் கீறலில் சாக்பீஸ் தூள் அடைத்துக்கொண்டால் பலகை புதிதுபோலத்தான் இருக்கும். ஈரத்துணி போட்டால்தான் உண்மை தெரியும். நீ சுவரைக் கழுவுவதில்லையா?

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

படத்தின்மேல் கட்டங்கள் போட்டு, விரிசல் ஓடும் கட்டங்களை எண்ணுகிறேன். கட்டத்தைப் பாதியாகச் சிறிதாக்கி மறுபடி எண்ணுகிறேன். ஒற்றைக் கோடென்றால் எண்ணிக்கை இரட்டிப்பாகும்; அதன் மதிப்பு ஒன்று. பாறை முழுக்க நொறுங்கியிருந்தால் நாலு மடங்காகும்; மதிப்பு இரண்டு. இங்கே வரம்பு ஒன்றரை; அதைத் தாண்டினால் ஆள் இறங்கக் கூடாது. எனக்கு ஒன்றேகால் வந்தது. ஆள் இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கழுவி, மேல்புறம் காய்ந்தால் விரிசல்கள் மட்டும் ஈரம் பிடித்துக் கறுப்பாக நிற்கும். எனக்குத் தெரியாதா? அதுவரை வேலை நிற்குமே. "சுவரைக் குளிப்பாட்டவா உமக்குச் சம்பளம்?" என்கிறார் மேலாளர். நீயும் திருத்த வந்தால் நான் எங்கே போவேன்? நான் உன் வகுப்பில் இல்லை, அக்கா.

ஒட்டடைக்குச்சி சௌக்கியம். எல்லாரும் நிமிர்ந்து நடக்கிற இடத்தில் அவன் மட்டும் குனிகிறான்.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

பாறை விழுந்து முறிந்த அவன் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான், ஆனால் பழைய நடை வராது என்றார் டாக்டர். நீ வார்டு வாசல்வரை வந்து திரும்பிப் போனதாக நர்ஸ் சொன்னார்.

"மாமா மேல கோவப்படாதம்மா. அவரு எண்ணினது சரிதான், சுவருதான் ஏமாத்திடுச்சு" என்கிறான் இவன். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. சுவர் யாரையும் ஏமாற்றவில்லை. அது தூசோடு நின்றது, நீ தூசை எண்ணினாய்.

அவனோடு வேலை செய்கிறவர்கள் பார்க்க வந்தார்கள். பாறை விழுந்த இடத்தை விட்டுவிட்டு, அதே சுவரில் பத்தடி தள்ளித் திங்கட்கிழமை துளை போடப் போகிறார்களாம். உன் பழைய கையெழுத்தை வைத்தே. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயா?

மன்னிப்புக் கேட்டு எழுதாதே, படிக்க மாட்டேன். இங்கே வரவும் வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன் சுவரைக் கழுவு. மேல்புறம் காயட்டும். கறுப்பாக நிற்பதை எண்ணு.

ஒட்டடைக்குச்சியின் அம்மா