இரண்டு குழாய்ப் பூனை

வியாழன், இரவு

இன்று பூனை காலூன்றி விழுந்துவிட்டது. கணினியில் நான் செய்த பூனை. இடுப்பில் இணைத்த இரண்டு குழாய்கள், குச்சிக் கால்கள், அவ்வளவுதான். இத்தனை நாளும் மல்லாந்தே விழுந்துகொண்டிருந்தது. இன்று இடுப்பை இன்னும் வளைத்து, முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை நீட்ட வைத்தேன். முன்பாதி திரும்பியது, பின்பாதியும் கூடவே வந்தது. அந்தரத்தில், பிடிமானமே இல்லாமல், தானாகத் திரும்பியது. அதற்கான கணக்கு முழுக்க நான் போட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காசிமேட்டில் மீன் விற்கிறவள். நாள் முழுக்கப் பூனைகளைத் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறவள்.

"இன்னாடி இது, ரெண்டு பைப்பு வியுந்துகினு கீது?"

"பூனைம்மா."

"இதுவா?" என்று சிரித்தாள்.

முன்பு எப்படி விழுந்தது என்று காட்டப் பழைய கணக்கையும் ஓட்டினேன். முதுகு தரையில் மோதியது. மறுபடி ஓட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுடி, பாவம். அதுக்கு வலிக்கப் போவுது."

நாளை கல்லூரியில் காட்ட வேண்டும். என்ன கேட்பார்களோ. கேட்கட்டும். அம்மா ஒரு பூனைக்குப் பாவம் பார்த்து நான் இன்றுதான் பார்க்கிறேன்.