எத்தனை உருப்படி?

நெப்ராஸ்கா
18 பிப்ரவரி 2021

அன்பு மகள் ஜனெல்லுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், சியாட்டில் ஆஸ்பத்திரியில் நீ முகக்கவசமும் கையுமாக அலைகிறாயே என்பதுதான் இங்கே ஓயாத கவலை. குளிர் கொல்லுகிறது, தொட்டித் தண்ணீரைத் தினம் கோடாலியால் உடைத்துத்தான் மாடுகளுக்குக் காட்டுகிறேன். அம்மா போன வாரம் பிளம் ரொட்டி சுட்டாள், உன் பேரைச் சொல்லி ஆறு நானே தின்றேன். இதையெல்லாம் போனில் சொல்லிவிடலாம், இனி எழுதப்போவதைச் சொல்லத்தான் எனக்கு முகமில்லை.

வேலையை விட்டுவிட்டு வசந்தத்தில் மாப்பிள்ளையோடு ஊருக்கே வந்துவிடுகிறேன், இருநூறு மாடு ரெண்டு குடும்பத்துக்குத் தாங்கும் என்று எழுதியிருந்தாய். இருநூறு இல்லை கண்ணு, தொண்ணூற்றிரண்டுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மார்ச் வெள்ளத்தில் கன்றுகள் போனதும் பேங்க் கழுத்தைப் பிடித்தது, பாதிக்கு மேல் விற்றேன். நம் சந்தையில் விற்றால் நாலு பேர் பார்ப்பார்களே என்று விடியுமுன் லாரியில் ஏற்றி மாநில எல்லை தாண்டி டகோட்டா சந்தைக்குக் கொண்டுபோனேன். நீ கிறிஸ்துமஸுக்குப் போனில் கேட்டபோதெல்லாம் மந்தை ஜோர் என்றேன்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. போன ஜூனில் கொரோனா நிவாரணம் வந்தது, மாட்டுக்கு இவ்வளவு என்று. தொற்றுக்குப் பயந்து விவசாய ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டுப் போனிலேயே மனு எழுதினார்கள். எழுதியது அம்மாவோடு படித்த வெர்லா. எத்தனை உருப்படி ஹார்லன் என்றாள். உனக்குத் தெரியாததா, பேங்க் இருப்பைக் கேட்கிற மாதிரி அது, நம் பக்கம் எவனும் எவனிடமும் கேட்க மாட்டான், உன் தாத்தா கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. முதல் முறையாக ஒருத்தி கேட்டுவிட்டாள், என் வாயில் இருநூறு என்று வந்துவிட்டது. பணத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்லவில்லை, சத்தியம். உள்ளதைச் சொன்னால் வெர்லாவுக்குத் தெரிந்துபோகுமே என்ற வறட்டுக் கௌரவம்தான். தாள் வந்தது, கையெழுத்தும் போட்டேன். இல்லாத நூற்றெட்டு மாட்டுக்கும் சேர்த்துப் பணம் வந்தது. காபிக் கடையில் உட்கார்ந்து, அரசாங்கத்து ஓசிப் பணத்தில் பண்ணை நடத்துகிறவன் என்று அடுத்தவனைக் கிண்டல் பண்ணினவன் நான்தான். இப்போது அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை.

உன் கடிதம் வந்தபிறகு பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பனியில் நின்று வெர்லாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அசரவில்லை. "தெரியும் ஹார்லன், ஊருக்கே தெரியும். தினம் உன் வேலியை ஒட்டித்தானே காரில போறேன், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? முழுப் பூசணிக்காயை எந்தச் சோத்துலய்யா மறைப்பே? நீ சொன்னதை எழுதுறதுதான் என் வேலை. நீயா வந்து திருத்துவேன்னு எட்டு மாசமா பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். திருத்தின தாளை ஜன்னல் வழியாக நீட்டினாள். விறைத்த கையால் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். அதிகமாக வாங்கியதைத் தவணையில் திருப்பிக் கட்டச் சம்மதித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஊரில் ஒருத்தரும் ஏமாறவில்லை. மந்தை ஜோர் என்று அப்பா சொன்னால் இருநூறும் அப்படியே இருக்கிறது என்று நம்பினவள் நீ ஒருத்திதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கே சொந்தமென்று உன் சூட்டுக்குறி போட்ட பத்து மாடுகள் இருந்தனவே, நல்ல விலை போகும் என்று முதலில் லாரியில் ஏற்றியது அவற்றைத்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடாதே அம்மா. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், இரண்டு பேரும் நிதானமாக யோசியுங்கள், என்மேல் கோபமிருந்தால் போனில் திட்டு. இரவு டூட்டிக்குச் சாப்பிடாமல் போகாதே. கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும். வழக்கம்போல அம்மாவையும் கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். பொய் சொல்றப்ப என்னைக் கூப்பிட்டீங்களா, இப்பவும் நீங்களே தனியாப் போடுங்க என்றுவிட்டாள்.

உன் அப்பா,
ஹார்லன்