முதல் எழுத்தைத் தாண்டிப் படித்த கர்னல்

சகலை,

இன்று காலை மாமல்லபுரத்திலிருந்து ஒருவர் செத்துப்போன கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றியதும் உப்புக்காற்றும் சூடேறிய தூசியும் கலந்த அந்த நாற்றம் குப்பென்று அடித்தது. நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. உன்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நான் பத்தாவதோடு நின்றவன்தான். ஆனாலும் செங்கல்பட்டு முதல் மரக்காணம் வரை கம்ப்யூட்டர் என்றால் என் பெயர்தான். நம் மாமனார் ஒருவர்தான் ஒப்புக்கொள்ளமாட்டார். மூத்த மாப்பிள்ளை நான். திருக்கழுக்குன்றத்து வீட்டில் இலை போட்டால் வஞ்சிரத்தில் பெரிய துண்டு கல்பாக்கத்து உத்தியோகக்காரனான உனக்கு. “உனக்கு வாய் கீது மாப்ள, அவருக்கு மூளை கீது” என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கடற்கரை ஓட்டல் விவகாரம் வந்ததே! அங்கே பில் போடும் மெஷின் என் பராமரிப்பில் இருந்தது. கடை வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்த ஒரே ஒப்பந்தத்தில்தான் ஓடின. மெஷினை உப்பு அரித்துத் தின்றுவிட்டது. பில் புரோகிராமோ டாஸ் என்ற பழைய சிஸ்டத்தின் காலத்தது. எழுதியவன் துபாய் போய்விட்டான். “புது மெஷின்ல ஒரே நாள்ல ஓடும்” என்று முதலாளியிடம் அடித்துச் சொல்லிவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன்.

“ஒவ்வொரு புரோகிராமும் தன் ஊர் பேர மொத ரெண்டு எழுத்துல போட்டுக்கினுதான் வரும் அண்ணாத்த. டாஸ் ஆளுன்னா எம், இசட். வாசல்ல கர்னல், அதான் மெஷின உள்ள இருந்து ஓட்டற மூளை, பாத்துட்டு எமுலேட்டர் கையில புடிச்சுக் குடுத்துடும். அது பழைய மெஷின் மாதிரியே நடிக்கும்” என்றாய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, புது மெஷினை ஓட்டும் லினக்ஸின் கர்னலுக்குள் அந்தத் துண்டை நீயே எழுதிச் சேர்த்தாய். அந்த முணுமுணுப்பைக் கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் பில் அருமையாக வந்தது. மறுநாள் காலை பூஜை போட்டு, கேஷியர் தணிகாசலம் புரோகிராமின் பெயரைத் தட்டினால் மெஷின் முடியாது என்கிறது. வெளியே பஸ்ஸில் ஏற ஐம்பது வெள்ளைக்காரர்கள் பில்லுக்காக நிற்கிறார்கள்.

“இன்னாய்யா, மெட்ராஸ் கம்பெனிக்காரன வரச் சொல்லட்டா?” என்றார் முதலாளி. செயற்கைக்கோளில் கோளாறு என்று சமாளித்துவிட்டு உனக்குப் போன் போட்டேன்.

நீ வந்து அந்தக் கோப்பின் தலையைப் பார்த்தாய். எம்முக்கு முன்னால் ஒரு 2 உட்கார்ந்திருந்தது.

“பூஜையப்போ அந்தக் கோப்பத் தொறந்து நான்தான் சார் போட்டேன்” என்றார் தணிகாசலம். “புதுக் கணக்காச்சே, புள்ளையார் சுழி போடாம எப்டித் தொடங்கறது? இதுல உனா இல்ல. அதான் அதே சாடையில கீற ரெண்டு.”

“அழிச்சுத் தொலை!” என்று பாய்ந்தேன். அவர் முகம் சுருங்கியது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“இரு அண்ணாத்த. அழிக்கறதுக்கு முன்னாடி ஆரு வெச்சா, எதுக்கு வெச்சான்னு கேளு.”

கேட்டுவிட்டு என்ன செய்தாய்? முதல் எழுத்து 2 என்றால் அதைத் தாண்டிப் படி, அதற்கப்புறம் உள்ளதை மட்டும் எமுலேட்டரிடம் கொடு என்று கர்னலையே மாற்றினாய். நீ அதைத் தயார் செய்து முடிக்கும்வரை நான் வெளியே இளநீர் வெட்டிக் கொடுத்து, பல்லவ ராஜா எனக்கு முப்பாட்டன் என்பதுவரை சொல்லி, ஒரு ஆள் நகராமல் பார்த்துக்கொண்டேன். பிரிண்டர் கரகரவென்று கத்தியது. தணிகாசலம் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலாளி என் கையைக் குலுக்கினார், ஒப்பந்தம் நிலைத்தது. நீ ஓரமாக நின்றாய்.

“தணிகாசலம் ஒண்ணுமே மாறலன்னு நெனைக்கறாரு பாரு, அதான் அண்ணாத்த வேலை” என்றாய்.

பெயர் எனக்கு வந்துவிட்டது. அப்புறமும் ஏன் எரிந்தது தெரியுமா? முட்டி மோதினால் கர்னல் நானும் எழுதியிருப்பேன். ஆனால் ஒரு கேஷியரின் சுழிக்காக அதை மாற்றலாம் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது.

போன மாசம் ஒரு மெஷினுக்குள் விசிறிக் கம்பியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. வெட்டப் போன கை நின்றது. கொண்டுவந்தவரிடம் யார் கட்டியது என்று கேட்டேன். மகளுக்கு வேலை கிடைக்க மனைவி வேண்டிக் கட்டியதாம். நூலை அறுக்காமல் ஒதுக்கிவைத்து விசிறியை மாற்றினேன்.

“உங்கள மாதிரி பொறுமையான ஆளு இந்தத் தெருவுலயே இல்ல சார்” என்றார் அவர்.

“ஜில்லாவுலயே இல்ல” என்று திருத்தி அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பியதும் வயிறு எரியத் தொடங்கியது. அவர் புகழ்ந்தது என் பொறுமையை இல்லையே, உன்னுடையதை. நீ இருந்தால் கல்பாக்கம் வரை வந்து இரண்டு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். இனி எங்கே போய்த் திட்டுவது, சகலை?