விருந்தாளியின் கார்

அன்புள்ள நாரே,

நானும் உன் அப்பாவும் இங்கே சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். முழுதும் படித்த பிறகு அது எவ்வளவு நிஜம் என்று நீயே பார்த்துக்கொள். அங்கே ஜெர்மனியில் உனக்கு இருமல் நின்றதா, இஞ்சியும் பேரிக்காயும் போட்டுக் காய்ச்சிக் குடி என்று போன தடவையே சொன்னேன், குடித்திருக்க மாட்டாய். ஃபோனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனை எடுத்தால் உன் அப்பா செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஆனால் ஒரு பக்கத்தையும் புரட்டுவதில்லை. அதனால் நூலகத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நூலகமும் உன் அப்பாவின் கார் கம்பெனி கட்டிக்கொடுத்ததுதான், நாற்காலி முதுகில்கூட அவர்கள் முத்திரை இருக்கிறது, அதில்தான் சாய்ந்திருக்கிறேன்.

புத்தாண்டுக்கு உன் சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. சூப்புக்கு அரிசி மாவுக் கட்டியை வெட்டி வெட்டி என் கட்டைவிரல் வீங்கிப்போனது, உன் சித்தி என் நகப்பூச்சு போயிடும் அக்கா என்று சொல்லிச் சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். அது போகட்டும். ஜனவரி முடிவில் கம்பெனியின் விற்பனை விவரம் வெளியானது. போன வருஷம் விற்றதில் உலகத்திலேயே நான்காம் இடம். வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள், அதில் பெரிதாக நாலு என்று நூல் வேலை செய்திருந்தது. நான் அதைச் சமையலறையில் கை துடைக்கத் தொங்கவிட்டேன், உன் அப்பா எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இவர்கள் செய்த கார் குளிர்காலத்தில் கிளம்பாது, நாலு பேர் இறங்கித் தள்ள வேண்டும், வெளிநாட்டில் அதை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று பேப்பரிலேயே போடுவான். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே முப்பத்து மூன்று வருஷம் கதவு மாட்டினவர் அவர். பதினோராம் இடம், ஏழாம் இடம், ஐந்தாம் இடம் என்று ஏறியபோதெல்லாம் தானே தோளில் தூக்கி வைத்த மாதிரி வீட்டுக்கு வருவார். இப்போது மூன்றாம் இடம் வேண்டுமாம். அந்த மூணுல இப்போ யாரு உக்காந்திருக்கான்னு கேட்டேன். கிம்ச்சி ஊறுகாயைக் குச்சியால் குத்திக்கொண்டே, உன் பொண்ணோட கம்பெனிதான் என்றார். உன் பொண்ணாம், நான் மட்டும் தனியாகப் பெற்றுக்கொண்டேன் போல.

உன் கார் விஷயத்துக்கு வருகிறேன். நீ நல்ல மனசோடுதான் செய்தாய். கடற்கரைப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் எனக்கு வேலை கிடைத்ததும், காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், முதல் பஸ்ஸே எட்டேகாலுக்குத்தான் போய்ச் சேரும் என்று உன்னிடம் புலம்பினேன். ஐம்பத்தேழு வயசில் மூன்று தடவை தோற்று நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கினவள் நான். உன் அப்பாவோ வீட்டுக் காரை உன் சித்தப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும்போது பெரிய தள்ளுபடியில் புதுசு வாங்கலாம் என்று மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். ஜூன் வரைக்கும் பொறு என்றார். பள்ளிக்கூடம் மார்ச்சில் திறக்கிறது, ஜூன் வரைக்கும் பிள்ளைகள் பட்டினியாகவா கிடக்கும். அதனால்தான் நீ பூசானில் இருக்கும் உங்கள் கம்பெனிக் கடைக்குச் சொல்லி அந்தச் சின்ன நீலக் காரை என் பெயரில் அனுப்பினாய். அவர்கள் அதை லாரியில் ஏற்றி, ரிப்பன் கட்டி, பட்டப்பகலில் எங்கள் குடியிருப்பு வாசலில் இறக்கினார்கள். எட்டுக் கட்டடம், ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு தலை. நீ இந்த ஊரில் பிறந்தவள்தானே, உனக்குத் தெரியாதா. இங்கே வேறு கம்பெனி கார் வாங்கினால் நம்ம வயித்துல அடிச்சான் என்பார்கள். அதிலும் உலகத்தில் மூன்றாம் இடத்துக்காரன் கார்.

உன் அப்பா கடைக்குப் போய் ஒரு சாம்பல் நிற உறை வாங்கி வந்து, சக்கரம்கூடத் தெரியாமல் மூடிக் கயிறு போட்டுக் கட்டினார். அப்படியே நாற்பது நாள் நின்றது. மூடினால் மட்டும் தெரியாமல் போகுமா. நாலாம் மாடி சோங்மின் அம்மா லிஃப்டில் வைத்து, நாரே அம்மா, துணிக்குள்ள கிடக்கிறது யாரோட பொணம்னு கேட்டாள், விளையாட்டுக்குத்தான், அவள் வீட்டுக்காரரும் உன் அப்பாவோடு கதவு மாட்டுகிறவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவுகிறேன், எதிரே துறைமுகம். கார்கள் வரிசையாகக் கப்பலுக்குள் போகும், ஓட்டிக்கொண்டு போனவர்கள் ஒரு வேனில் திரும்பி வந்து அடுத்த வரிசையை எடுப்பார்கள். நூற்று எழுபது நாட்டுக்குப் போகிறதாம். இங்கே செய்த கார் பார்க்காத ஊரில்லை, அதைச் செய்தவர் பெண்டாட்டிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது நாரே. உன்னைப் பெற்றது கம்பெனி ஆஸ்பத்திரியில், நீ படித்தது கம்பெனிப் பள்ளிக்கூடத்தில், நாளைக்கு நான் செத்தால் கிடத்தப்போவதும் கம்பெனி மண்டபத்தில்தான். கார் சாவியை அரிசி டப்பாவில் வைத்திருந்தேன், அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன்.

உன் அப்பாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். ஜூனில் அவருக்கு அறுபது முடிகிறது. ஓய்வு பெறுகிறவர்களில் சிலரை மட்டும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வைத்துக்கொள்வார்கள், அந்தப் பட்டியலை இப்போதுதான் தயாரிக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்க வேண்டும், குழுத் தலைவர் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கதவைத் தூக்கி மாட்டுவதற்கெல்லாம் எந்திரம் வந்துவிட்டது, சரியாகச் சாத்திக்கொள்கிறதா என்று காதால் கேட்டுச் சொல்ல ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஆள் தானாக இருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த வேலையும் இல்லையென்றால் இவர் காலையில் எழுந்து எங்கே போவார் என்று எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆலையிலிருந்து ஃபோன் செய்தார். குரலே அவருடையது இல்லை. சிறுநீரகத்தில் கல், பழைய தொல்லைதான், இந்தத் தடவை அடைத்துக்கொண்டு உயிர் போகிறது என்றார். ஆலை டாக்டர்கிட்ட போனா எழுதி வச்சிடுவாங்க, பட்டியல்ல பேரு போயிடும், நீ டாக்ஸி எடுத்துக்கிட்டுப் பின் கேட்டுக்கு வா, பூசானுக்குப் போயிடலாம் என்றார். டாக்ஸிக்காரங்க பாதிப் பேரு உங்க ஆலையில ரிட்டயரானவங்க, சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் பரப்பிடுவாங்க, என்கிட்ட கார் இருக்கு என்றேன். பிறகு, சரி வா, அந்த உறையையும் எடுத்துக்கிட்டு வா என்றார். எதற்கென்று போன பிறகுதான் தெரிந்தது. பின் சீட்டில் உடம்பைக் குறுக்கிப் படுத்துக்கொண்டு, உறையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷம் நிமிர்ந்து போய் வந்த இடத்தைவிட்டு அப்படித்தான் வெளியே வந்தார். கேட் காவலாளி குனிந்து பார்த்தான், நான் நேரே பார்த்து ஓட்டினேன். சொன்னால் வெட்கம், அவர் வலியில் துடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இந்த ஊரைத் தாண்டி நானே ஓட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் உறைக்குள்ளிருந்து குரல் வந்தது. காத்துச் சத்தமே வரலையே, எவ்வளவு வேகத்துல போற என்றார். நூத்திப் பத்து என்றேன். பொய் சொல்லாத என்றார். எட்டிப் பார்த்துக்கோங்க என்றேன். பார்க்கவில்லை, ஆனால் கை வெளியே வந்து கதவு ஓரத்து ரப்பரை மேலிருந்து கீழ்வரைக்கும் தடவியதைக் கண்ணாடியில் பார்த்தேன். முனகிக்கொண்டே, இதுதான் அவ பாக்குற வேலையா என்றார். உன்னை நம் கம்பெனி இரண்டு தடவை நேர்முகத் தேர்விலேயே தள்ளியதும், நீ அவர்களிடம் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கம்பெனி சட்டையோட இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு இவர் சொன்னதும், மூன்று வருஷமாக நீ வராததும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இது. ஆமா, கதவுல சத்தம் நுழையாமப் பண்றதுதான் அவ வேலை, எத்தனை தடவை சொன்னேன் என்றேன். பூசானில் கல்லை உடைத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார், பயப்படாதே. திரும்பும்போது பாலம் வரைக்கும் உட்கார்ந்து வந்தார், பாலத்தில் மறுபடி படுத்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் குழுத் தலைவர் ஒரு பெட்டி பேரிக்காயோடு வீட்டுக்கு வந்தார். உன் அப்பாவைவிடப் பத்து வயசு சின்னவர், ரொம்ப மரியாதையான ஆள். காரைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. குளிரைப் பற்றிப் பேசினார், மூன்றாம் இடம் இன்னும் இரண்டு வருஷத்துல நமக்குத்தான் என்றார், என் முள்ளங்கிக் கிம்ச்சியைப் பாராட்டினார். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமலே, அண்ணி, கீழே துணி போட்டு நிக்குதே ஒரு கார், யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, ஆமா தம்பி, விருந்தாளிதான், சனிக்கிழமை போயிடுவாங்க என்றார். அப்படியா, நல்லது என்று கும்பிட்டுவிட்டுப் போனார். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேரிக்காயும் இனிப்பாகத்தான் இருந்தது. நான் அன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

உன் அப்பா விளம்பரம் கொடுத்துப் பிடித்த ஒரு புதுத் தம்பதி சனிக்கிழமை பூசானிலிருந்து காரை வாங்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உன் அப்பா கீழே இறங்கி, உறையை அவிழ்த்து, காரைத் துடைத்தார். பிறகு ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து சாத்தினார். காதைக் கிட்டே வைத்துக்கொண்டு மறுபடி திறந்து சாத்தினார். ரொம்ப நேரம் அதையே செய்தார், பால்கனிகளில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. மேலே வந்து கை கழுவிக்கொண்டே, அவகிட்ட சொல்லு, கீழ்க் கீல் பக்கத்துல ரப்பர் ஒரு இழை தடிமனா இருக்கு, மூணு குளிர்காலம் போனா விறைச்சுக்கும், அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் மெலிசாக்கச் சொல்லு என்றார். அரை மணி கழித்து வந்து, வேணாம், எழுதாத, அது நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சது, வெளியே போகக்கூடாது என்றார். நான் எழுதிவிட்டேன். நீயும் உன் அப்பாவும் கதவைப் பற்றிப் பேசிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது, சந்தோஷம். என் வேலையைப் பற்றி அன்று முழுக்க யாரும் பேசவில்லை.

மறுநாள்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கார் வித்த காசுல நம்ம கம்பெனி கார் ஒண்ணு பழசா வாங்கிக்கோ, ஜம்முனு வேலைக்குப் போ, யாரு கேக்கப் போறா என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல். வாங்கலாம், ஊரே கைதட்டும். பெற்ற பிள்ளை கொடுத்ததை விருந்தாளி என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தில் இவர்கள் காரில் ஏறிப் போகிற அளவுக்கு எனக்கு ரோஷம் செத்துப்போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்து நான் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், இன்று காலையில் வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்தேன். கார் விற்ற பணத்தில் விமானச் சீட்டு வாங்கிக்கொள்கிறேன், நீ எதுவும் அனுப்ப வேண்டாம். ஏப்ரலில் வருகிறேன், நான் மட்டும், பட்டியலில் அவர் பெயர் வந்தாலும் வராவிட்டாலும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சீட்டு கைக்கு வந்ததும் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, உன் கை வேலைக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. எந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எந்த பஸ் என்று தெளிவாக எழுது, பதிலை மறக்காமல் இந்த நூலக முகவரிக்கே போடு, இங்கிருக்கும் பெண்ணிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்குப் படுக்க ஒரு இடம் ஒதுக்கி வை. எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பியோன் மல்சூன்