வாய் மூடிய கணினி

அக்டோபர் 27, திங்கள்

சனிக்கிழமை அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் புதிய இயங்குதளம் போட்டுவிட்டார்கள். இன்று காலை என் கணினியை ஆன் செய்தேன். சத்தமே இல்லை. ஒன்பது வருடமாகத் திரையில் உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டிய மென்பொருள் போய்விட்டது. கண் தெரியாத எனக்கு அது இல்லாமல் கணினி வெறும் பெட்டி.

இந்தப் பக்கத்து அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் பெனினிடம் கேட்டேன். "போட வேண்டிய மென்பொருள் பட்டியல்ல அது இல்ல மேடம். பழசு இதுல ஓடாது."

பட்டியல் போடும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அக்டோபர் 29

சும்மா இருந்தேன்.

அக்டோபர் 31

இன்றும். மனுக்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. என் கோப்புகள் ஷீஜா அக்காவின் மேசைக்குப் போய்விட்டன. கண்காணிப்பாளர் ராஜமணி சார், "நீ ஒண்ணும் செய்யாண்டாம் ஷிபா. சம்பளம் வரும்லா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது. பிச்சையா போடுதீங்க சார்? — கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பிரெயிலில் இதைக் குத்தும்போது தாள் ஓட்டையாகிறது.

நவம்பர் 4

திங்கள் முதல் நான் வாசலில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டுமாம். ஆணை தயார். போன் எடுப்பது கேவலமில்லை. ஆனா என் வேலையப் பிடுங்கிட்டு, எனக்கு ஒதவி செஞ்ச மாதிரில்லா சொல்லுதாவ!

நவம்பர் 5

கூடப் படித்த ததேயுஸுக்குப் போன் செய்து கத்தினேன். அவனுக்கும் கண் தெரியாது, இராஜாக்கமங்கலத்தில் வாத்தியார். முடியும்வரை கேட்டான். "மக்கா, புதுசுலயே வாசிக்க வசதி உண்டு. மூணு பொத்தான சேத்து அமுக்கணும். அமுக்கிப் பாத்தியா?"

நவம்பர் 6

அமுக்கினேன். பேசிற்று! ஆங்கிலத்தில். தமிழ்க் குரல் சேர்க்கப் பெனினின் கடவுச்சொல் வேண்டும். "நாளைக்குப் பாக்கலாம் மேடம்." நாற்காலியை அறை வாசலில் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "போட்டுட்டுப் போங்க."

பத்தே நிமிடம். பத்து நிமிட வேலைக்குப் பதினொரு நாள் என்னைப் பொம்மை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள்.

ஷீஜா அக்காவிடமிருந்து கோப்புகளைத் திரும்ப வாங்கினேன். மாலைக்குள் பதினாறு பதில். ராஜமணி சார் முன்னால் வைத்து, "அந்த ஆணை?" என்றேன்.

"வேண்டாம், விடு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நவம்பர் 12

தக்கலைப் பக்கம் ஓர் அலுவலகத்திலும் கண் தெரியாத ஒருவர் மூன்று வாரமாகச் சும்மா இருக்கிறாராம். பெனின்தான் வந்து சொன்னார். "அந்த மூணு பொத்தான் எதுன்னு எழுதித் தாங்க மேடம்."

தரமாட்டேன் என்றேன்.

நாளை விடுப்பு போட்டிருக்கிறேன். காலை ஏழரைக்குத் தக்கலை பஸ். பெனினும் கூட வருகிறார், கடவுச்சொல்லோடு.