பதினோராம் கட்டிலுக்குச் சொன்ன முடிவு

பிப்ரவரி 9

கண் வார்டில் தரை துடைக்கும் சகோதரிக்கு,

வணக்கம். நான் விழித்திரை ஆபரேஷன் முடிந்து பதினோராம் கட்டிலில் பத்து நாள் குப்புறப் படுத்துக் கிடந்தவன். என் பின்தலையைத் தவிர நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் உங்கள் நீலச் செருப்பையும் துடைப்பத்தின் நுனியையும்தான் பார்த்தேன். அக்கா என்று எழுதினால் வயதைக் கூட்டிவிட்டேன் என்று கோபம் வருமோ, தங்கச்சி என்றால் வலிய உறவு கொண்டாடுவது போல் ஆகுமோ என்று யோசித்துச் சகோதரி என்று எழுதியிருக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மா பாலத்தைக் கடந்தாளா இல்லையா?

ஆறு எங்கே பிறக்கிறது என்று அளக்கப் போன நில அளவையர் திரும்பவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் போன வழியிலேயே மனைவி தேடிப் போகிறாள். மலையில் கயிற்றுப் பாலம் அறுந்து தொங்குகிறது. அக்கரையில் புகை தெரிகிறது. அந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள், மறுநாள் காலையில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பொய். நன்றாகத்தான் இறங்குகிறது. ஆனால் சாப்பிடும்போதும் பாலத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "என்ன யோசனை?" என்று மனைவி கேட்டாள். கதையைச் சொன்னேன். இப்போது அவளும் யோசிக்கிறாள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. லேத் பட்டறையில் இருபத்து மூன்று வருடமாக இரும்பு கடைகிறேன். பள்ளிக்கூடப் புத்தகம் தவிர ஒரு புத்தகமும் படித்ததில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நீங்கள் சுவரோரம் உட்கார்ந்து பக்கம் புரட்டும் சத்தம் கேட்டு, "கொஞ்சம் சத்தமா படிங்களேன்" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். இப்படி மாட்டிக்கொள்வேன் என்று தெரியாது.

ஒரு வரி எழுதிப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பதினோராம் கட்டில்

பிப்ரவரி 17

பதினோராம் கட்டில் அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தைப் பெரிய சிஸ்டர்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். "உனக்கு ஆஸ்பத்திரி முகவரிக்கு லெட்டர் வருதா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பதினோரு வருட வேலையில் இங்கே எனக்கு வந்த முதல் கடிதம் இது. பிரிக்க மனம் வராமல் மதியம் வரை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன்.

எல்லோரும் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பத்தொன்று. அக்காவா தங்கச்சியா என்ற கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கதை. அவள் பாலத்தைக் கடக்கவில்லை. இரண்டு நாள் கரையோரமாகவே நடந்து, ஆறு அகன்று ஆழம் குறைகிற இடத்தில் இறங்குகிறாள். தண்ணீர் மார்பு வரை வருகிறது. நோட்டுப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கட்டிக்கொள்கிறாள். அக்கரையில் விறகு வெட்டிகளின் குடிசை. உள்ளே கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். கால் முறிந்து நடக்க முடியாமல் இரண்டு வருடம் அங்கேயே கிடந்திருக்கிறார். இவளைப் பார்த்ததும், "நோட்டு நனையலியே?" என்றுதான் முதலில் கேட்கிறார். அவள் சிரிக்கிறாள், அழுகிறாள். பிறகு அவரைக் கழுதை மேல் ஏற்றி மெல்ல மெல்ல ஊருக்குக் கூட்டிவருகிறாள். அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

கண் எப்படி இருக்கிறது? குனிந்து எதையும் தூக்காதீர்கள். இங்கே சொன்னதையெல்லாம் வீட்டுக்குப் போனதும் காற்றில் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
தரை துடைப்பவள்

மார்ச் 1

அன்புத் தங்கச்சிக்கு,

கணக்குப் போட்டுவிட்டேன். தங்கச்சிதான்.

கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வந்ததைப் படித்துக் காட்டினேன். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைத்துக்கொள்ளக் கூடாது, டாக்டர் உத்தரவு.

பரிசோதனைக்குப் போயிருந்தேன். விழித்திரை ஒட்டிக்கொண்டதாம். டாக்டர் தன் கைக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலையில் நான் மனைவியிடம், "சட்டைய எடுத்துட்டு வா, வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லியிருந்தேன். இரவு பகல் தரையையே பார்த்துக் கிடக்க முடியவில்லை. கண் போனால் போகட்டும் என்று இருந்தது. எழுந்து நடந்திருந்தால் ஒட்டவைத்தது பிய்ந்திருக்கும். அன்று மதியம்தான் நீங்கள் படிக்க ஆரம்பித்தீர்கள். மாலையில் சட்டையோடு வந்து நின்றவளை, நாளைக்குப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாளும் அதையே சொன்னேன். அப்படியே பத்து நாளும் ஓடிவிட்டது.

ஒரு செய்தி. எங்கள் தெருமுனையில் நூலகம் இருக்கிறது. இருபது வருடமாக அதன் வாசலில்தான் சைக்கிளைச் சாத்திவைப்பேன், உள்ளே போனதில்லை. போன வாரம் போனேன். நூலகரிடம் கதையைச் சொன்னேன். பாலம் என்றதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு கிளையில் ஒரு பிரதி இருக்கிறதாம், வரவழைக்கிறேன் என்றார். வந்ததும் முதல் பக்கத்திலிருந்து நானே படிக்கப்போகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 8

அண்ணாவுக்கு,

சட்டை விஷயத்தை இரண்டு முறை படித்தேன். இடைவேளையில் எனக்குப் பொழுது போகத்தான் படித்தேன் அண்ணா. அதில் இவ்வளவு இருக்கும் என்று எனக்கெப்படித் தெரியும்?

இங்கே வாசிப்பு நின்றுவிட்டது. நாலாம் கட்டில்காரரும் கேட்டார், ஏழும் கேட்டது. இரண்டு பேர் காதுக்கும் எட்ட வேண்டுமென்று குரலை உயர்த்தினேன். நர்சுகளுக்கு வேலை ஓடவில்லை என்று பெரிய சிஸ்டர் தடுத்துவிட்டார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை.

அந்தப் புத்தகத்தை நீங்கள் எதற்கு மறுபடியும் படிக்க வேண்டும்? எழுத்து ரொம்பப் பொடி. இப்போதுதான் ஆறின கண்ணுக்கு ஆகாது. கதைதான் முழுக்கத் தெரிந்துவிட்டதே. நூலகத்தில் வேறு நல்ல புத்தகம் எவ்வளவோ இருக்கும், பெரிய எழுத்தில் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். இதை விட்டுவிடுங்கள் அண்ணா.

அன்புடன்,
தங்கச்சி

மார்ச் 29

தங்கச்சிக்கு,

புத்தகம் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பதினெட்டு நாளில் முடித்தேன்.

குடிசையில் அவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். விறகு வெட்டிகள் ஒரு கல்மேட்டைக் காட்டுகிறார்கள். அவருடைய அளவுச் சங்கிலியைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். அவள் அந்தச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு, அவர் அளக்காமல் விட்ட ஆறு மைலையும் தானே அளந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறாள். கழுதையே கிடையாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பூதக்கண்ணாடியைத் தொடவில்லை. நோயாளிக்கு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல் எனக்குக் கதையைக் குழைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கண்தான் பழுது, மனசு உண்மையைத் தாங்கும். அவர் இறந்ததைப் படித்தபோது துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சங்கிலியைத் தூக்கிய இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தை எனக்கு ஏன் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள்?

கோபம் போய், இப்போது தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் மிச்சம். ஒருவர் சும்மா இப்படி மாற்ற மாட்டார். "நோட்டு நனையலியே" என்று அவர் கேட்பதெல்லாம் உட்கார்ந்து யோசித்தால்தான் வரும். இன்னும் எத்தனை பேருக்கு இப்படி முடிவை மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்?

பெரிய சிஸ்டருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், சட்டை விஷயம் உட்பட. உங்கள் மேல் வருத்தம் இருந்தாலும் அது வேறு, இது வேறு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

எத்தனை பேருக்கு என்று கேட்டீர்கள். வார்டில் உங்களைத் தவிர யாருக்கும் இல்லை. வீட்டில் ஒருத்திக்கு.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தார். ஏழு வருடத்துக்கு முன் புயலில் கப்பல் மூழ்கியது. பதினோரு பேரை மீட்டார்கள், நாலு பேரைக் காணவில்லை. அந்த நாலில் அவர் ஒருவர். அவர் இறந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லிக் கப்பல் கம்பெனியிலிருந்து வருடா வருடம் ஒரு படிவம் வரும். நான் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. அப்பா ஏதோ தூரத்துத் துறைமுகத்தில் இருப்பார், வருவார் என்று சொல்லிவைத்தேன். இப்போது அவளுக்குப் பதினைந்து. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள், நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நான் மூன்று முறை படித்தவள். உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது, அவர் இறந்தார் என்ற வார்த்தையை என் கை எழுத மறுத்தது. உங்கள் மேல் இரக்கப்பட்டு மாற்றினேன் என்று இத்தனை நாள் என்னையே நம்பவைத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மகளை உட்காரவைத்துக் கடைசி அத்தியாயத்தை உள்ளது உள்ளபடி சத்தமாகப் படித்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முடித்ததும் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தானே ஒரு முறை படித்தாள். பிறகு, "அம்மா, அப்பா கப்பல்ல தப்பிச்சவங்க இருக்காங்கல்ல? அவங்கள நாம ஒருநாளும் போய்க் கேட்டதே இல்லையே?" என்றாள்.

உண்மைதான் அண்ணா. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமலே இருந்தேன்.

இரண்டு பேரும் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாவது முறை போனபோது ஒரு முகவரி கிடைத்தது. கப்பலில் சமையல்காரராக இருந்தவர் இப்போது ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறார். மாவுக் கையோடு வெளியே வந்தவர், என் மகளைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவரோட நெத்தி" என்று மட்டும் சொன்னார்.

அவள் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். அப்பா குறட்டை விடுவாரா, எந்தக் கையால் எழுதுவார், வேலை இல்லாதபோது என்ன செய்வார் என்று. நன்றாக விசிலடிப்பாராம். டீ தண்ணீராக இருக்கிறது என்று தினமும் சண்டை போடுவாராம், போட்டுவிட்டு இரண்டாவது தம்ளர் கேட்பாராம். கூட வாழ்ந்த எனக்கே தெரியாத மனிதர் ஒருவர் அந்தப் பேக்கரி வாசலில் வந்து நின்றார். நான் சிரித்தேன் அண்ணா. அவரைப் பற்றி ஒருவர் பேச, நான் சிரித்து ஏழு வருடம் ஆகிறது.

கடைசி நாளைப் பற்றியும் கேட்டோம். வேலை முறை மாறியதும் கீழே இயந்திர அறைக்கு இறங்கினாராம், சிறிது நேரத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். "ஒரு நிமிஷம்தான், கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார். நான் அத்தோடு விட்டிருப்பேன். மகள் கேட்டாள்: "அதை நீங்க பார்த்தீங்களா மாமா?"

அவர் கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இல்லம்மா. நான் மேல இருந்தேன்" என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. நான் உங்களுக்குச் செய்ததைத்தானே அவரும் செய்யப் பார்த்தார். ஆனால் மகள் கேட்டிராவிட்டால் அவர் அந்தப் பொய்யை ஆயுளுக்கும் தனியாகச் சுமந்திருப்பார். கிளம்பும்போது எங்களுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தார். மாதம் ஒரு முறை வருவோம் என்று மகள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளிடம் இன்னும் கேள்விகள் இருக்கின்றனவாம்.

பெரிய சிஸ்டர் உங்கள் கடிதத்தை டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். இனிமேல் தினமும் இரண்டிலிருந்து இரண்டரை வரை நான் படிக்கலாம், அந்த அரைமணி வேலை நேரத்திலேயே சேர்த்தி. இப்போது குப்புறப் படுத்திருப்பவர் ஒரு தபால்காரர், வாய் ஓயாமல் குறுக்குக் கேள்வி கேட்கிறார். ஆற்றுக் கதையைத்தான் தொடங்கியிருக்கிறேன். முடிவை மாற்ற மாட்டேன்.

படிவத்தை நேற்று எடுத்து நிரப்பினேன். என் கையெழுத்தைப் போட்டாயிற்று. எடுத்ததுமே போட்டுவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கீழே சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், உறவினராக இருக்கக் கூடாதாம். உங்களை நினைத்தேன். ஆனால் இத்தனை கடிதத்தில் அண்ணா அண்ணா என்று எழுதிவிட்டேனே, அதைக் காட்டிக் கூடாது என்று சொல்வார்களோ என்னவோ.

அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று எழுதுங்கள். மகளும் அன்றைக்கு வருகிறேன் என்கிறாள்.

உங்கள்,
தங்கச்சி