பச்சைக்காயும் என் நோன்பும்

நவம்பர் 4

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதே கால். டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு என் மகன் கலீலிடம் பேசினார். நோய் எனக்கு, பேச்சு அவனோடு. அவர் வாயைத் திறப்பதற்குள் இவனே சொல்லிவிட்டான், வருகிற ரமலானிலும் அம்மாவுக்கு நோன்பு வேண்டாம் என்று.

போன ரமலானில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பவில்லை. பாங்கு சத்தத்தில்தான் விழித்தேன். அடுப்படிக்குப் போனால் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மகனும் மருமகள் ஆஃப்ரினும் விளக்கைக்கூடப் போடாமல் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். திருடர்கள் மாதிரி. அதற்கு முந்தின வருஷம் நோன்போடு மயங்கி விழுந்தேனாம், அதனாலாம். விழுந்தேன். எழுந்தேனா இல்லையா?

நானே டாக்டரம்மாவைக் கேட்டேன், எவ்வளவுக்கு இறங்கினால் விடுவீர்கள் என்று. ஏழரைக்குக் கீழே வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். சோற்றைக் குறைத்து, தட்டில் பாதி பச்சைக்காய் வேண்டுமாம். கலீல் சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 5

ஆஃப்ரின் காலையில் பனியன் கம்பெனிக்குக் கிளம்புமுன் முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி அரிந்து, உப்பும் எலுமிச்சையும் போட்டு டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். சாலட்டாம். மத்தியானம் திறந்தால் எல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. முழுக்கத் தின்றேன். தின்னவில்லை என்று ஒருவர் பேசக் கூடாது.

நவம்பர் 6

என் கையாலேயே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பார்ப்போம் மாமி என்றாள். ஒரு வாரமா? இரு.

நவம்பர் 14

வெள்ளிக்கிழமை, பிரியாணி. காலமெல்லாம் ஒரு தட்டுப் பிரியாணிக்கு ரெண்டு கரண்டி தயிர் வெங்காயம் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு மாற்றிப் போட்டேன். தட்டு நிறையத் தயிர் வெங்காயம், ஓரத்தில் ரெண்டு கரண்டி பிரியாணி. சும்மா வெங்காயம் இல்லை. வெள்ளரியை விதை வழித்து அரிந்தேன், தக்காளியில் சதை மட்டும், புதினா ஒரு கைப்பிடி, வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு பச்சை மிளகாய். பிரியாணிக் கறியிலிருந்தே நாலு துண்டைப் பிய்த்து அதில் போட்டேன். உப்பு, உட்கார்ந்த பிறகுதான். அரிந்ததெல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் காத்திருக்கும், உப்பு கடைசியில் வரும். அப்படிச் செய்தால் கடிக்கும்போது சத்தம் வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரமும் ஒரு கிலோ வெள்ளரிக்காயும் ஆனது.

கலீல் எட்டி என் தட்டில் ஒரு வாய் எடுத்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னொரு வாய் எடுத்தான்.

நவம்பர் 20

காய்க்காரி கருப்பாத்தாள் இன்றைக்குக் கேட்டாள்: "ஏனுங்க, ஊட்ல மாடு கீடு வாங்கிப் போட்டீங்களா? இத்தன தழையும் ஆருக்கு?"

எனக்குத்தான் என்றேன். அவளுக்கும் சர்க்கரை உண்டு, அவளைக் கேட்டால் இல்லை என்பாள். முளைகட்டின கொள்ளை வேகவைத்து, சின்ன வெங்காயம், மாங்காய்த் துருவல் போட்டுப் பிரட்டி, தேங்காய் எண்ணெயில் கடுகு கறிவேப்பிலை தாளித்து ஆறவிட்டுக் கொட்டணும் என்று அவளுக்குச் சொன்னேன். வாயைத் துடைத்துக்கொண்டாள். மாடு என்று சொன்னதை மறக்கவில்லை.

டிசம்பர் 9

கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. ஏன்? சோறு ஒரு கரண்டிதான். டீயில் சீனி இல்லை. பின்னே ஏன்?

இன்று ஆஃப்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் என்னென்ன போடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். வெள்ளரி, கேரட், கடலை, பேரீச்சம்பழம். எவ்வளவு என்றாள். ஒரு கை என்றேன். பிறகு, ரெண்டு கை என்றேன். நபி வழிப் பழம், நோன்பு திறக்கிற பழம், பரக்கத்து உள்ளது. அது எங்கே சர்க்கரையை ஏற்றப் போகிறது என்று அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். ருசியாக இல்லாமல் எப்படி இருக்கும்.

இவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. பேரீச்சம்பழ டப்பா காலியாவதைப் பார்த்திருக்கிறாள். ஏண்டி சொல்லல என்று கேட்டேன்.

"சொன்னா கேப்பீங்களாங்க மாமி? என்ரகிட்ட ஒரு வாரம் பேச மாட்டீங்க."

ஒரு வாரம் இல்லை, ஒரு மாசம் பேசியிருக்க மாட்டேன். அது உண்மைதான். ஆனாலும் சொல்லியிருக்கணும்ல? அவ மேலயும் கோவம், எம் மேலயும் கோவம். ராத்திரிக்கு வெறும் கேரட்டும் மிளகுத்தூளும்.

டிசம்பர் 10

பேரீச்சம்பழத்துக்குப் பதில் புளிப்பு. பாதி நெல்லிக்காயைத் துருவிப் போட்டேன். மேலே வறுத்த நிலக்கடலை. இனிப்பு கேட்ட நாக்கு சும்மா இருந்தது.

ஜனவரி 11

உடுமலைப்பேட்டையில் கல்யாணம். என் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். கலீலுக்கு வெட்கம். பந்தியில் நான் டப்பாவைத் திறந்ததும் என் நாத்தனார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மகன் சோறு போடுவதில்லையா மச்சி என்றாள். எண்பத்தேழில் இதே ஊரில், இவள் வீட்டு விருந்தில், என் தட்டில் எலும்பாகப் பார்த்துப் போட்டவள். என் மகன் வீட்டில் கறி உண்டு, எனக்குத்தான் வேண்டாம் என்றேன். ரெண்டு கரண்டி பிரியாணி மட்டும் வாங்கிக்கொண்டேன். பீர்னி இனிப்பைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது காற்றாலை பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 6

ஏழு புள்ளி மூன்று.

டாக்டரம்மா இந்தத் தடவை என்னிடம் பேசினார். நோன்பு வைக்கலாம், ஆனால் மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டும், பகலில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், கருவி எழுபதுக்குக் கீழே காட்டினால் அந்த நிமிஷமே நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரலைக் குத்தினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன். சரி என்றேன்.

வண்டியில் ஏறினதும் கலீல் வேண்டாம் என்று ஆரம்பித்தான். நானும் விடவில்லை. எழுப்பாமல் விட்டாயே, என்னைப் பெட்டியில் வைத்த சாமான் மாதிரி நடத்தினாயே, யாரடா நீ என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். பெருமாநல்லூர் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினான்.

"அன்னிக்கு நீங்க மயங்கி விழுந்தப்பத் தூக்குனது நானுங்கம்மா. உங்க கையி சில்லுனு இருந்துச்சு. மவுத்தாயிட்டீங்கன்னே நெனச்சேன்."

இதை அவன் இதுவரை சொன்னதே இல்லை. ரெண்டு வருஷமாக என் கோபத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதற்காக விட்டுவிட முடியுமா? முடியாது. நோன்பு என்னுடையது. அதையும் சொன்னேன், மெதுவாக.

பிப்ரவரி 19

முதல் நோன்பு. சஹருக்கு ஒரு தோசை, முட்டை ரெண்டு, வேகவைத்த கொண்டைக்கடலையில் வெள்ளரி, தயிர், வறுத்த எள். தாகம் தெரியவில்லை. மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தேன், நூற்றிரண்டு. அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 20

ரெண்டாவது. நூறு.

பிப்ரவரி 23

நாலு நோன்பு சரியாகப் போனது. இன்று மத்தியானம் கை நடுங்கியது. குத்திப் பார்த்தேன். அறுபத்தாறு. இன்னொரு விரலில் குத்தினேன். அதுவும் அதேதான்.

வீட்டில் யாரும் இல்லை. ஆஃப்ரின் கம்பெனியில், கலீல் குடோனில். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. படுத்துக்கொண்டால் நோன்பு திறக்கிற மஃரிப் வரை தள்ளிவிடலாம், யாருக்கும் தெரியாது.

எழுந்து போய் ரெண்டு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். அழுகை வந்தது. யாரும் திறக்கச் சொல்லவில்லை. நானே வைத்தேன், நானே திறந்தேன். பிறகு ஒரு கிண்ணம் தயிரும் கேரட்டும் தின்றேன். அடுப்படியில் நின்றுகொண்டே இல்லை, மேஜையில் உட்கார்ந்து.

சாயங்காலம் நோன்புக் கஞ்சியோடு எல்லாருக்கும் ஒரு பெரிய தட்டு நிறையப் பச்சைக்காய் அரிந்து வைத்தேன். கலீல் வாங்கி வந்த சமோசா பாதி மிஞ்சியது, தட்டு காலி. அப்போதுதான் அறுபத்தாறைச் சொன்னேன். ஆஃப்ரின் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கலீலின் முகம் வெளுத்தது. இதோ ஆரம்பிக்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தான். "நாளைக்கு வெக்கறீங்களா, இல்ல ஒரு நாள் விட்டு வெக்கறீங்களா?" என்று கேட்டான்.

கேட்டான்.

ஒரு நாள் விட்டு வைக்கிறேன் என்றேன்.